எது புது ரூம்?

பிரபு,

இதைப் பார்க்கும்போது வண்டியில் போய்க்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுப் படி. அப்பா நன்றாக இருக்கிறார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு நான் எழுதப்போவதில் பாதிக்கு மேல் உன்னைத் திட்டுவதுதான். வீட்டில் இப்போது கரண்ட் இல்லை. இ.பி.க்காரர்கள் நிறுத்தவில்லை, நான்தான் நிறுத்தினேன். காலையில் காபி குடித்த கையோடு மெயினை இறக்கிவிட்டு, படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்பா ஹாலில் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டே, "மெயினப் போடுடி, வேவுது" என்கிறார். "வேவட்டும்" என்று சொல்லியிருக்கிறேன். உன் பெண்டாட்டி நிர்மலா கீழே பின்பக்க ரூமில் பையில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். சாப்பிட்டுவிட்டு வேலூர் போய், அங்கிருந்து திமிரிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "தெரியல அத்தை" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ நடுவில் பேசுவாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். என் போனில் சார்ஜ் கம்மியாக இருக்கிறது, போனால் போகட்டும்.

வியாழக்கிழமை நடந்ததை நீ அப்பா வாயால் கேட்டாய். ஷாக் அடித்த மனுஷன் சொன்னது அது. அவருக்குத் தெரிந்தது பாதிதான். நீ அந்தப் பாதியைக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் போனைக் கொடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டாயே, அது எனக்கும் கேட்டது. ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவள் போனை என்னிடம் நீட்டிவிட்டாள். அன்றிலிருந்து உன்னிடம் அவள் பேசவில்லை என்று நீ என்னிடம் புகார் செய்கிறாய். இன்னா பேசுவாள்?

முதலிலிருந்து வருகிறேன். கல்யாண லீவு முடிந்து நீ புனேவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குட்டி லேபிள் மெஷினை வரவழைத்து, ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு பேர் அடித்து, வெள்ளைப் பட்டையை நறுக்கி நறுக்கி ஒட்டினாய். ஹால். கிச்சன். மோட்டார். கீசர். புது ரூம். பிரபு ரூம். எழுத்து அச்சு அச்சாக, ஒரு கோடு கூட சாயாமல் இருந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர் வீட்டு மனுஷனைக் கூட்டி வந்து பெட்டி மூடியைத் திறந்து காட்டினார். "இனிமே கண்ணாடி இல்லாமக் கூட இறக்கலாம்" என்றார். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் பெட்டிக்கு சைஸ் ஸ்டிக்கர் ஒட்டியே காலம் தள்ளியவள் நான். நேராக ஒட்டுகிற கை என் மகனுக்கும் வந்திருக்கிறதே என்று நினைத்தேன். ஒட்டியது நேராகத்தான் இருந்தது. எழுதியதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

புதன்கிழமை ராத்திரி பெய்த மழையில் மாடி ரூம் ஜன்னல் பக்கச் சுவரில் ஈரம் இறங்கியிருந்தது. மறுநாள் காலையில் அங்கே லைட்டும் இல்லை, ஃபேனும் இல்லை. கீழே பெட்டியில் எந்த சுவிட்சும் விழவில்லை. நிர்மலாவுக்கு அன்று நர்ஸ் டியூட்டி இல்லை, வீட்டில்தான் இருந்தாள். அப்பா தோல் பதனிடுகிற டேனரியில் டிரம் மோட்டார் எல்லாம் பார்த்தவர், ஒயர்மேனைக் கூப்பிடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டார். நான் கிச்சனில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவர் மேலிருந்து கத்தியது காதில் விழுந்தது.

"நிர்மலா, இந்த ரூம் கரண்ட்ட ஆஃப் பண்ணும்மா!"

"மேல் ரூம் தானே மாமா?"

"ஆமாம்மா, இதான்!"

பெட்டி மூடி திறக்கிற சத்தம், கொஞ்சம் அமைதி, பிறகு டக் என்று ஒரு சத்தம். "பண்ணிட்டேன் மாமா!" என்றாள். அதற்கு அப்புறம் கேட்டது ஸ்டூல் சறுக்கிய சத்தம். அப்பா கத்தக்கூட இல்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. நான் கீரையோடு எழுந்து நின்றதோடு சரி. நிர்மலா படி ஏறவில்லை, பிரபு. முதலில் மெயினைப் படாரென்று இறக்கினாள், பிறகுதான் ஓடினாள். நான் போய்ப் பார்த்தபோது அப்பா தரையில் சாய்ந்து கிடந்தார், உள்ளங்கையில் கருப்பாக ஒரு கோடு, வாய் கோணிக்கொண்டு மூச்சு வாங்கியது. அவள் அவர் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு, "எழுந்திருக்கக் கூடாது மாமா, படுங்க, அப்டியே படுங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். அவள் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து, ஒன்றும் இல்லை, இருந்தாலும் வைத்துப் பார்க்கிறோம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

அந்த நேரத்தில்தான் உன் அப்பா கண் திறந்து முதல் வார்த்தை பேசினார். "எழுதி ஒட்டியிருக்கறதப் படிக்கத் தெரியாதா உனக்கு?" அடுத்த அரை மணியில் நீ போனில் அதையே கேட்டாய். "லேபிள் ஒட்டிட்டுத்தானே வந்தேன், அதப் பாத்து ஆஃப் பண்ணக்கூடத் தெரியலயா?" இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு கேட்ட மாதிரி இருந்தது. அப்பாவுக்கு அவள் ஒரே ஒரு பதில்தான் சொன்னாள். "படிச்சுதான் மாமா ஆஃப் பண்ணேன்." மெதுவாகச் சொன்னாள். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று அவர் நினைத்தார். உண்மையைச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. பொய் சொல்கிறவர்கள் அவ்வளவு சின்னதாகச் சொல்லமாட்டார்கள்.

நேற்று அப்பாவைக் கூட்டி வந்தோம். மாடியில் கரண்ட் இல்லாததால் அவள் கீழே பின்பக்க ரூமில் படுத்தாள். இன்று காலையில் அவள் பையை எடுத்து வைத்ததைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. கையைப் பிடித்துப் பெட்டி முன்னால் கூட்டி வந்து நிறுத்தினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது, இன்னொரு தடவை திட்டு வாங்கப்போகிறோம் என்று.

"நீ எதப் படிச்சே? அத மட்டும் காட்டு" என்றேன்.

அவள் தொடாமல் விரலை நீட்டினாள். புது ரூம்.

"இது எந்த ரூம்?"

"எங்க ரூம்தான் அத்தை. மேல. கல்யாணத்துக்குன்னு புதுசா கட்டினீங்களே."

"அப்போ இது?" என்று பக்கத்தில் இருந்த 'பிரபு ரூம்' பட்டையைக் காட்டினேன்.

"அது கீழ, பின்னாடி. அவர் ரூம். அவர் புக்கு, கிரிக்கெட் பேட்டு எல்லாம் அங்கதானே இருக்குது? தூசி தட்டும்போதுகூட நீங்க சொன்னீங்களே, பிரபு ரூமையும் பெருக்கிடுன்னு."

ஒரு நிமிஷம் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷம் அழுகை. பிறகுதான் கோபம் வந்தது, மெயினை இறக்கினேன். யார் மேல் கோபம் என்று கேட்காதே, எல்லார் மேலும்தான்.

யோசித்துப் பார். பின்பக்க ரூமை நாம் கட்டும்போது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கு அது புது ரூம். பெயிண்ட் உரிந்து, கதவு தரையில் உரசி, கட்டிலுக்குக் கீழே கரையான் வந்த பிறகும் நம் வாயில் அது புது ரூம்தான். மாடியில் கட்டினோமே, அதற்கு ஒரு பேர் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நீ அங்கே குடி போனாய், அதனால் மேல் ரூம் சுவிட்சுக்கு மெஷினில் 'பிரபு ரூம்' என்று அடித்துவிட்டாய், கீழ் ரூமுக்கு அதே பழைய 'புது ரூம்'. நான் மட்டும் பழக்கதோஷத்தில் கீழ் ரூமைச் சில நாள் புது ரூம் என்பேன், சில நாள் பிரபு ரூம் என்பேன். நமக்குக் குழப்பமே இல்லை, ஏனென்றால் நாம் பேரைக் கேட்டு ரூமுக்குப் போவதில்லை, கால் தானாகப் போகிறது. அவள் வெளியிலிருந்து வந்தவள். கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் படிக்க முடியும். புதிதாக இருப்பது புது ரூம். பிரபுவின் சாமான் இருப்பது பிரபு ரூம். அவள் படித்ததில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

பேக்கிங் செக்ஷனில் நாங்கள் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பட்டப்பேர் வைத்திருந்தோம். ஒல்லியாக, பழுப்பாக, முன்பக்கம் நீண்டு ஒரு ஷூ வரும், அதற்குக் கருவாடு என்று பேர். ஒருநாள் லைனில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் என் பக்கத்து சீட்டுக்காரி, "கருவாட்ட மேல் ரேக்கில வை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பெண் பாவம், செக்ஷன் முழுக்கத் தேடி, சாப்பாட்டுக் கூடையில் யாரோ கொண்டுவந்திருந்த நிஜக் கருவாட்டு டப்பாவை எடுத்து மேல் ரேக்கில் வைத்துவிட்டாள். சாயங்காலம் வரைக்கும் சிரித்தோம். ஆனால் பெட்டி மேல் ஒட்டுகிற ஸ்டிக்கரில் ஒருநாளும் கருவாடு என்று எழுதியதில்லை. அதைப் படிக்கப்போகிறவன் எங்கேயோ கப்பல் தாண்டி இருக்கிறான், நம் சிரிப்பு அவனுக்குத் தெரியாது. ஸ்டிக்கர் என்பதே நம்மைத் தெரியாதவனுக்காக ஒட்டுவது. வீட்டுப் பெட்டியில் நீ ஒட்டியது நம்மைத் தெரிந்தவர்களுக்கு. நமக்கு அது தேவையே இல்லை. யாருக்குத் தேவையோ அவளுக்கு அது பொய் சொல்லிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது அப்பாவைப் பற்றியது, அவரிடமும் சொல்லிவிட்டேன். லேபிள் இல்லாத காலத்தில் அவர் ஒரு பல்பு ஹோல்டர் மாற்றுவதாக இருந்தாலும் மெயினை இறக்குவார். டி.வி. பாதியில் நிற்கும், நீ குதிப்பாய், அவர் காதில் வாங்கவே மாட்டார். இறக்கிய பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒயரைத் தொடுவார். வியாழக்கிழமை டெஸ்டர் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. இன்னாத்துக்கு எடுக்கவில்லை என்று கேட்டால், "அதான் பேர் எழுதி ஒட்டியிருக்குதே" என்கிறார். லைட் எரியாததால் ஒயரில் ஒன்றுமில்லை என்றும் நினைத்துவிட்டார். நம் தெரு ஒயர்மேன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார், ஈரத்தில் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது, அப்படிப் போனால் லைட் எரியாது, ஆனால் கரண்ட் ஒயரில் அப்படியே நிற்கும் என்று. நாளைக்கு அவர் வந்துதான் சரி செய்வார். ஷாக் அடித்தால் தானாக விழுகிற சுவிட்ச் நம் பெட்டியில் இல்லையாம், அதையும் போடச் சொல்லிவிட்டேன். அப்பா ஸ்டூல் பக்கம் போனால் காலை உடைப்பேன் என்றும் சொல்லிவிட்டேன்.

கொஞ்சம் இரு, நிர்மலா கூப்பிடுகிறாள்.

இதோ வந்துவிட்டேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவள் பையை மூடிவிட்டு வந்து, "நான் போறதுக்குள்ள இத ஒழுங்கு பண்ணிடலாம் அத்தை, மாமா கரண்ட் இல்லாம பேஜார் ஆவறாரு" என்றாள். அவர் கேட்ட கேள்விக்கு அவர் வேகட்டும் என்று நான் விட்டிருந்தேன், இவள் விடவில்லை. ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் டியூபில் பேர் எழுதி ஒட்டுவார்களாமே வெள்ளைப் பேப்பர் பிளாஸ்திரி, அதில் ஒரு சுருளும் மார்க்கர் பேனாவும் கொண்டுவந்தாள். எல்லா சுவிட்சையும் இறக்கி, மெயினைப் போட்டு, மாடி ரூமுடையதை விட்டுவிட்டு மற்றதை ஒவ்வொன்றாக ஏற்றினோம். அவள் பெட்டியருகே, நான் வீடு முழுக்க நடை. ஏற்றியதும் நான் போய் லைட்டையும் பிளக்கையும் பார்த்துக் கத்துவேன், அவள் எழுதுவாள். உன் மெஷின் 'ஹால்' என்று சொன்னதில் கிச்சன் ஃப்ரிட்ஜும் இருக்கிறது, தெரியுமா உனக்கு? 'புது ரூம்' சுவிட்சில் வெளி வாசப்படி லைட்டும் ஓடுகிறது. நீ யாரையும் நடக்கவிட்டுப் பார்க்காமல், நினைவை வைத்து அடித்திருக்கிறாய்.

"இதுக்கெல்லாம் இன்னா பேர் அத்தை எழுதறது?" என்று கேட்டாள். நாளைக்கு நம் வீட்டுக்கு முதல்முறை வருகிற ஒருத்தன் இருட்டில் படித்தாலும் புரிகிற மாதிரி எழுது என்றேன். எழுதினாள்: கீழே, பின்பக்க ரூம், வாசப்படி லைட். ஹால், ஃப்ரிட்ஜ். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "மூடி மேல ஒண்ணு எழுதும்மா. 'ஒயரத் தொடறதுக்கு முன்னாடி மெயின இறக்கு'ன்னு எழுது" என்றார். அவள் எழுதினாள். அவருக்கு மன்னிப்புக் கேட்க வேறு பாஷை தெரியாது. அது அவளுக்குப் புரிந்தது, ஏனென்றால் பேனாவை மூடிவிட்டு டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வேகமாக வைத்தாள்.

உன் 'பிரபு ரூம்' பட்டையை அவள் நகத்தால் உரித்து எடுத்தாள். கசக்கிப் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. கொண்டுபோய்ப் பின்பக்க ரூம் கதவில், உன் கிரிக்கெட் பேட் சாய்ந்திருக்கிற பக்கம், நேராக ஒட்டினாள். "அவர் வந்தா எங்க படுக்கணும்னு தெரியணும்ல" என்றாள். சிரிக்கவில்லை, பிரபு. எனக்கு அதுதான் பயம்.

மாடி ரூம் சுவிட்ச் இறக்கியே இருக்கிறது. அதன் மேல் பிளாஸ்திரி குறுக்கே ஒட்டி 'போடக் கூடாது' என்று எழுதியிருக்கிறாள், ஒயர்மேன் வரும்வரை. பேர் எழுதுகிற இடத்தில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். "அது யார் ரூம்னு எனக்குத் தெரியல அத்தை. தெரிஞ்சா எழுதறேன்" என்றாள். நான் 'மாடி ரூம்' என்று எழுதிவிட்டு வேலையை முடித்திருக்கலாம். பேனாவை எடுக்கத் தைரியம் வரவில்லை. புனேவில் வீடு பார்த்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவளை இங்கே விட்டுப்போனாய். அதுவரைக்கும் அவள் இருக்க வேண்டிய வீடு இது. வந்த இடத்தில் எல்லாப் பேரும் அவளுக்கு முன்னாலேயே வைத்தது, எல்லாச் சுவிட்சும் மற்றவர்கள் கைக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியாததற்கு அவளையே திட்டினோம். அப்பா உயிரைக் காப்பாற்றிய கையும் அதே கைதான் என்று நம் மூன்று பேரில் ஒருத்தர்கூட அவளிடம் சொல்லவில்லை. நான் இன்று சொன்னேன். நான் சொன்னால் போதாதுடா.

அவள் இப்போது தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பை வாசலில் இருக்கிறது. சாப்பிட்டு முடித்தால் ஷேர் ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவாள், தடுக்கமாட்டேன், அம்மா வீட்டுக்குப் போகிற பெண்ணைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. திரும்பி வருகிற மனதோடு போக வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. நீ பேசும்போது, படிக்கத் தெரியாதா என்று கேட்ட வாயால், இன்னா படிச்சே என்று கேள். அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் நடுவில் பேசாதே. எனக்கு இன்று கிடைத்த பதில் உனக்கும் கிடைக்கும்.

கரண்ட் வந்துவிட்டது, என் போன் சார்ஜில் கிடக்கிறது. எனக்குப் பண்ணாதே. அவளுக்குப் பண்ணு.

அம்மா